தம்பையாவை யார் தூக்குவது

2008 செப்டம்பர் 14

மில்லில் பெல்ட் அறுந்தது. அறுவதற்கு நாள் பார்த்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்கியிருக்கிறார்கள். மிளகாய், மல்லி, ஊற வைத்த அரிசி எல்லாம் வாளி வாளியாக வாசலில் நிற்கிறது. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சுதாகரன் வந்தான். ஹாட்வெயார் கடை சுதாகரன், இப்போது சங்கத் தலைவர் சுதாகரன். செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "தம்பையா அண்ணனுக்கு எப்படிங்க அண்ணி?" என்றான். உள்ளே கட்டில் தெரிகிறது, கட்டிலில் இவர் கிடப்பதும் தெரிகிறது. ஆடியில் வலது கை, வலது கால் விழுந்ததிலிருந்து இவருக்கு அந்தக் கட்டில்தான் உலகம். வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "ம்", "இல்ல", "நீ", இவ்வளவுதான் வெளியே வருகிறது. காதும் புத்தியும் பழையபடிதான்.

"உள்ள வந்து நீயே பாரேன்" என்றேன். நேரமில்லையாம். சங்கத்தைப் புதுசாகப் பதியணுமாம், அந்த அலைச்சலாம். போய்விட்டான்.

சங்கத்தில் சேர்த்து, பாடை கட்ட அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்த மூங்கில் வளையும், எந்த மூங்கில் முறியும், கயிறை எங்கே இறுக்கணும் எல்லாம் இவர் கையைப் பிடித்துக் காட்டினது. நன்றி கெட்ட ஜென்மம்.

2008 செப்டம்பர் 15

பெல்ட் வந்தது. சைஸ் பிழை. பெல்மதுளைக்குத் திரும்ப ஆள் அனுப்பினேன்.

2008 செப்டம்பர் 28

சுதாகரன் பெண்சாதி விஜயகலா மிளகாய் அரைக்க வந்தாள். அரைக்க வந்தாளா, பீற்றிக்கொள்ள வந்தாளா தெரியவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னாள். கூட்டம் இல்லை, கை தூக்கல் இல்லை. அமைச்சருடைய சிங்கள இணைப்பாளர், மாத்தயா என்றுதான் கூப்பிடணும், அவர் வந்து டீ குடித்தாராம், வடை நல்லாயிருக்கு என்றாராம், சுதாகரனைப் பார்த்து "இனி நீங்கதான்" என்றாராம். முடிந்தது.

இருபத்தி ரெண்டு வருஷம் இவர் நடத்தின சங்கம். அது என்ன பெரிய அரசாங்கமா? மரண உதவிச் சங்கம். சுற்றிவர சிங்களச் சனம், நடுவில் எங்கள் ஆட்கள் ஒரு பிடி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்து மண்டபத்திலிருந்து கூரைக்குத் தகரம் வரும், சமைக்கக் கிடாரம் வரும், உட்கார பெஞ்சு வரும். கடைவீதியில் வெள்ளைக் கொடி ஏறும். வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்து தோள் கொடுக்கணும். வராதவன் வீட்டுச் சாவுக்கு மற்றவன் வரமாட்டான். எழுபத்தேழு கலவரத்திலும் சரி, எண்பத்து மூன்றிலும் சரி, கடைகள் எரிந்துகொண்டிருந்தபோதுகூட சங்கம் பிணத்தைத் தூக்கியது. இதை நான் சொல்லவில்லை, இவர் சொல்வார். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும், "என்னைய சங்கம் தூக்கும், உனக்கு என்ன கவலை" என்பார்.

எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் லோஜினி டோஹாவில். அப்படியென்றால் இவரை வேறு யார் தூக்குவது?

2008 ஒக்டோபர் 12

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறான். சுனாமிக்கு சங்கம் அனுப்பின லொறி புலிக்குப் போனதாம். நாலு வருஷம் கழித்து. சுனாமி நேரம் இந்தக் கடைவீதியே அழுதது. அரிசி மூட்டையும் பழைய சாரியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து மண்டபத்தில் குவித்தார்கள். சிங்கள ஆட்களும் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் பாண் கொடுத்தார். பக்கத்துக் கடை லாபிர் நானா தன் லொறியை எடுத்து, இவரை முன்னால் ஏற்றிக்கொண்டு கல்முனைப் பக்கம் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளுக்கு இறக்கிவிட்டு வந்தார். பாதிப் பேர் அங்கே முஸ்லிம் சனம். அவ்வளவுதான் கதை.

இதை இல்லை என்று சொல்ல ஒரு வாய் போதும். சுதாகரன் அப்படிச் சொல்லவில்லை. அவன் மூளை எப்படி வேலை செய்திருக்கிறது பார். பழைய கமிட்டி புலிக்கு அனுப்பியது உண்மைதான், புது கமிட்டி அதைத் தலைமுழுகிவிட்டது என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் எங்கள் மேல் ஒன்றும் வராது. இதுதான் திட்டம். இணைப்பாளர் கேட்டது ஒரு கையெழுத்து. இவன் போய், "கையெழுத்து எதுக்கு மாத்தயா, எங்க ஆளுக கோயில்ல சூடம் அணைச்சே சத்தியம் பண்ணுவாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

எரிகிற சூடத்தில் உள்ளங்கையை வைத்து அணைத்துச் சொன்னால் அது பொய்யாக இருக்க முடியாது. எங்கள் ஆட்கள் ஆடு திருடியவனைப் பிடிக்கக்கூட அப்படித்தான் செய்வார்கள். அந்தச் சூடத்தில் பொய்யை வைக்கச் சொல்கிறான். கட்டையில போறவன்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். "இல்ல" என்றார். பிறகு திரும்பவும் "இல்ல."

2008 ஒக்டோபர் 27 தீபாவளி

கோயிலில் செய்துவிட்டார்கள். தீபாவளி அன்றைக்கே. நல்ல நாளாம்.

நான் பெண்கள் பக்கம் தூணோடு நின்று பார்த்தேன். முருகன் முன்னால் தட்டில் சூடம். இணைப்பாளருக்கு நாற்காலி போட்டு கோயிலுக்குள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தனாகப் போய், "முந்தின கமிட்டி புலிக்கு சாமான் அனுப்பினது, அது பிழை, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லிக் கையை வைத்தான். நகைக்கடை ஜெயகாந்தன் கையை வைத்தான். அன்றைக்கு லொறியில் ஏறி நின்று மூட்டையை அடுக்கினது அவன். வேட்டி அவிழ அவிழ அடுக்கினான், நான்தான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

தையற்கடை இருளப்பன் மட்டும் போகவில்லை. கூப்பிட்டார்கள். "எனக்கு கை எரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பீடி பற்ற வைத்தார்.

2008 நவம்பர் 9

இன்றைக்கு என் முறை. சுதாகரன் வந்து, "அண்ணன் பேர்லயும் யாராவது சத்தியம் பண்ணணும் அண்ணி. செஞ்சது அவர்தானே. அவரே ஒத்துக்கிட்டா பெரிய விஷயம். இல்லாட்டி சங்கத்துல பேர வெட்டச் சொல்றாங்க. விசாரணைக்கும் வருவாங்க. இந்தக் கட்டிலோட தூக்கிட்டுப் போனா என்ன செய்வீங்க?" என்றான்.

"செஞ்சது என்னடா? பசிச்ச புள்ளைகளுக்கு அரிசி குடுத்தது. நீ அந்த அரிசிய எடை போட்டவன்தானே? வெளிய போ. இன்னொரு தடவை இந்த வாசல்ல நின்னின்னா மூஞ்சியில மிளகாத்தூள வீசுவேன்."

கையில் உண்மையிலேயே மிளகாய்த்தூள் கரண்டி இருந்தது. போய்விட்டான்.

இவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கலியாணத்துக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் திட்டி இவர் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எப்போதும் நான் திட்டுவது இவரையே.

2008 நவம்பர் 22

இருளப்பன் பெண்சாதி செத்துப்போனாள். மஞ்சள்காமாலை.

சங்கம் வரவில்லை. மண்டபம் பூட்டு. தகரமும் கிடாரமும் உள்ளே. வெள்ளைக் கொடி இல்லை. ஷட்டர் ஒன்றும் இறங்கவில்லை, ஜெயகாந்தன் கடையில் ரேடியோகூட ஓடியது. மழை வேறு. பிணத்தின் மேல் ஒழுகாமல் இருக்க மனுஷன் தன் கடைப் பொலித்தீனை இழுத்துக் கட்டினார். அவருடைய மச்சான்மார் ரெண்டு பேர் எஹலியகொடைத் தோட்டத்திலிருந்து வந்தார்கள். ரெண்டு பேரும் அவருமாக எப்படித் தூக்குவது? கடைசியில் செங்கல் ஏற்றுகிற டிரக்டரில் வைத்துக் கொண்டுபோனார்கள். மில் வாசலில் நின்று பார்த்தேன். ரோட்டுக் குழியில் விழுந்து விழுந்து போனது. அந்தப் பொம்பளையின் தலை ஆடியது. பெட்டிக்கு மூடி போட்டிருக்கலாமே, அதற்குக்கூட ஒருத்தன் இல்லையா?

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இதை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

2008 டிசம்பர் 4

இவருக்குத் திரும்ப இழுத்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வைத்துக் கொண்டுவந்தோம். அடுத்த தடவை வந்தால் தாங்காது என்று டொக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் இவருக்கு விளங்காது என்று நினைத்தார் போல. இவருக்கு என்னைவிட நல்ல சிங்களம்.

வழியெல்லாம் வேனில் அந்த டிரக்டர்தான் கண்ணுக்குள் நின்றது.

2008 டிசம்பர் 12

செய்துவிட்டேன்.

கார்த்திகை விளக்கு. ஊரெல்லாம் வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருக்க நான் கோயிலுக்குப் போனேன். சுதாகரன், ஜெயகாந்தன், ஐயர், வேறு நாலைந்து பேர். இணைப்பாளர் வரவில்லை, போனில் சொன்னால் போதுமாம். சொல்ல வேண்டியதை சுதாகரன் சொல்லிக் கொடுத்தான், நான் திருப்பிச் சொன்னேன். என் புருஷன் புலிக்கு சாமான் அனுப்பினாரு. அது பிழை. அவருக்குப் பதிலா நான் ஒத்துக்கிறேன். கையை வைத்தேன். சூடம் உடனே அணையவில்லை. அழுத்தினேன்.

ஐயோ, என்ன வேலை பார்த்தேன் நான். அந்த ஆளு ஜென்மத்துல ஒருத்தன்கிட்ட ஒரு சொல்லு பொய் பேசினதில்லையே. அவரு பேர்ல, அவரு உயிரோட இருக்கிறப்பவே. வேற என்னதான் செய்யச் சொல்றீங்க? டிரக்டர்ல அனுப்பவா?

வருகிற வழியில் சுதாகரன், "இனி நீங்க யோசிக்காதீங்க அண்ணி, அண்ணனுக்கு வேண்டிய மரியாதை எல்லாம் நடக்கும்" என்றான். அவன் செவிட்டில் ஒன்று போடணும் போல இருந்தது. கை கொப்பளித்திருக்கிறது. சட்டி சுட்டது என்று இவரிடம் சொன்னேன்.

2008 டிசம்பர் 14

அந்த நாய் வீட்டுக்கு வந்தது. இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி பெரிய மனசு பண்ணிட்டாங்க அண்ணே, உங்களுக்குப் பதிலா சூடம் அணைச்சுட்டாங்க, எல்லாம் சுமுகமா முடிஞ்சிச்சு" என்றான்.

இவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு கழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து நல்லாகத்தான் திரும்புகிறது.

ராத்திரிச் சாப்பாடு ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை. பசிக்கல போல.

2008 டிசம்பர் 16

பசி இல்லாமல் இல்லை. நான் ஊட்டினால்தான் வேண்டாம். இன்றைக்கு மில்லில் கூட்டி அள்ளுகிற இருளாயியைக் கூப்பிட்டுக் கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தேன். அவள் கையால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

2009 ஜனவரி 14

பொங்கல் வைத்தேன். இருளாயி ஊட்டினாள். "அம்மா, நீங்க ஒரு வாய் குடுத்துப் பாருங்களேன்" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

2009 மார்ச் 3

ஒரு பொம்பளை என்ன செய்வாள்? உங்கள் மரியாதைக்காகத்தானே செய்தேன் என்று இன்றைக்குக் கத்திவிட்டேன். மில் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே கேட்டிருக்காது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். படுத்த படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு இவ்வளவு திமிர் கூடாது.

சூடு பட்ட இடம் ஆறிவிட்டது. தோல் மட்டும் இறுகிக்கிடக்கிறது.

2009 மே 19

யுத்தம் முடிந்ததாம். காலையிலிருந்து வெடி. சந்தியில் பாற்சோறு. எங்கள் சங்கத்துக் கிடாரத்தில்தான் காய்ச்சுகிறார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் எடுக்கிற கிடாரம் அது, வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று சட்டம். சுதாகரன் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு சந்திக்கும் மண்டபத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான். பயம் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கடைவீதியில் எங்கள் ஆட்கள் எல்லாருடைய முகமும் அப்படித்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

இலையில் வைத்து எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கினேன். வாங்காமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. வடக்கில் எத்தனை சனம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கோழிக்குப் போட்டேன்.

2009 ஜூன் 10

சுதாகரனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபத்துக்கு சீல் வைத்தாயிற்று.

நடந்தது இதுதான். யுத்தம் முடிந்த கையோடு பழைய பெட்டிசங்களை எல்லாம் தட்டி எடுக்கிறார்களாம். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து சுனாமி லொறியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது பழைய கமிட்டி என்று சுதாகரன் பல்லைக் காட்டியிருக்கிறான். கமிட்டி எதுவானால் என்ன, சங்கம் ஒன்றுதானே, மண்டபமும் ஒன்றுதானே என்றார்களாம். உடனே இவன், அய்யோ மாத்தயா அது சும்மா சொன்னது, லொறி புலிக்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பேசினானாம். வந்தவரில் பெரியவர் சொன்னாராம், "நீங்க எல்லாரும் கோயில்ல சூடத்துல கை வச்சு சொல்லியிருக்கீங்க. தமிழ் ஆளுக சாமி முன்னுக்கு பொய் சொல்லமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் கதிர்காமத்துக்குப் போறவங்க இருக்கிறாங்க." கூட இருந்த இணைப்பாளரும் தலையாட்டினாராம், நானே பார்த்தேன் என்று.

லாபிர் நானா இதைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். நல்லா வேணும். வேணும், நல்லா வேணும். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சூடத்தில் என் கையும் இருக்கிறது.

2009 ஜூன் 13

விஜயகலா வந்தாள். அரைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. வந்து மில் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. செஞ்ச மனுஷனோட பெண்சாதி நீங்க. பொய்ச் சத்தியம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஒம் புருஷன்தானே எனக்குச் சொல்லிக் குடுத்தான். இப்ப நான் மட்டும் ஏன் பொய்க்காரி ஆகணும்?"

"அவரு வந்ததும் உங்க கால்ல விழுவாரு."

"எனக்கு எதுக்கு? கட்டில்ல கிடக்கிறவரு கால்ல விழச் சொல்லு."

அழுதுகொண்டே போனாள். இரக்கம் வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவே இல்லை.

2009 ஜூன் 16

இன்றைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ரெண்டு பேர், சிவில் உடுப்பு. மரியாதையாகத்தான் பேசினார்கள். இவரைப் பார்த்தார்கள், கேட்டுப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்டு என்னிடம் கேட்டார்கள். சாமான் யாருக்குப் போனது?

தலையை ஆட்டினால் போதும். கோயிலில் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை, சுதாகரன் உள்ளே கிடந்து அழுகுவான், இவரை இந்த நிலையில் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். எல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். பொய் சொன்னால் எல்லாப் பக்கமும் எனக்கு லாபம்தான்.

கட்டிலில் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பிடரியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. ஆறு மாதமாக அந்தப் பிடரியோடு குடித்தனம்.

சிங்களத்தில் சொன்னேன். நான் கோயிலில் சொன்னது பொய். சாமான் கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது, தண்ணீர் வந்து எல்லாம் போன சனத்துக்கு. அனுப்பியது இவர். ஓட்டியது பக்கத்துக் கடை லாபிர் நானா. கூப்பிட்டேன், அவர் சாரத்தை மடித்துக்கொண்டு ஓடிவந்து, பள்ளிக்கூடத்துப் பேர், இறக்கின மௌலவி பேர் எல்லாம் சொன்னார்.

"அப்ப மத்தவங்க எல்லாரும்? அத்தனை பேரும் தெய்வத்துக்கு முன்னுக்கு பொய்யா சொன்னாங்க?"

"ஆமா. அத்தனை பேரும்."

"ஏன் நோனா?"

"உங்களுக்குப் பயந்து."

அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். போய்விட்டார்கள்.

இருளாயியை இன்றைக்கு வேளையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கஞ்சியை நானே எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். முதல் கரண்டி பாதி வெளியே வழிந்தது, துடைத்தேன். அடுத்த கரண்டியைக் குறைத்து அள்ளினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் இவருக்குப் பிடிக்காது.

2009 ஜூன் 27

சுதாகரனை விட்டுவிட்டார்கள். மண்டபத்தை விடவில்லை.

எனக்கு நன்றி சொல்ல ஒரு நாயும் வரவில்லை. அதுக்குப் பதிலாக கடைவீதி முழுக்க மில்காரி இந்திராணி எங்களை எல்லாம் பொய்ச் சத்தியக்காரன் என்று காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று கதை. ஜெயகாந்தன் பெண்சாதி மிளகாயை பெல்மதுளைக்குக் கொண்டுபோய் அரைக்கிறாளாம். அரைக்கட்டும். பஸ் காசு மிச்சமா அவளுக்கு.

2009 ஜூலை 5

சுதாகரன் வந்தான். இளைத்திருக்கிறான். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான், எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். மண்டபத்தைத் திருப்பித் தரப் போகிறார்களாம், ஆனால் இணைப்பாளர் ஆபீசுக்கு முன்பக்கம் வேணுமாம். பின்பக்கம் எங்களுக்கு. சங்கத்துக்கும் புதுப் பேர், நல்லிணக்க நலன்புரிச் சங்கம். தலைவர் யார்? அதே இவன்தான். நான் கேட்டேன், வெட்கமா இல்லையா என்று. "வேற யாரு அண்ணி செய்வா?" என்றான். அதுவும் உண்மைதான் போல.

பிறகு கட்டில் பக்கம் குனிந்து, "அண்ணே, உங்கள போசகரா, தலைவருக்கும் மேல, போடலாம்னு இருக்கோம். பழசெல்லாம் மறந்துட்டு சங்கம் உங்கள முன்னுக்கு வச்சுத்தான் நடக்கும். உங்க காரியம் எல்லாம் எங்க பொறுப்பு" என்றான்.

இவர் இடது கையைத் தூக்கினார். தூக்கி, ஈயை ஓட்டுவது போல ரெண்டு தடவை ஆட்டினார். "போ" என்றார். அந்தச் சொல் ஒரு வருஷமாக வரவில்லை. இன்றைக்குத் தெளிவாக வந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "சங்கம் வேணாமா? இத்தனை வருஷமா சங்கம் தூக்கும், சங்கம் தூக்கும்னு சொல்லிச் சொல்லி என் உயிர வாங்கினீங்களே. இப்ப யாரு தூக்குறது?"

"நீ."

"நான் எப்படிங்க தூக்குவேன்? எனக்கு முதுகு வலி."

"நீ" என்றார் திரும்பவும். பிறகு தூங்கிப்போனார்.

2009 ஜூலை 29

காய்ச்சல். நெஞ்சில் சளி.

2009 ஓகஸ்ட் 3

சனிக்கிழமை விடியப் போய்விட்டார். இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

தகவல் போனதும் சுதாகரன் ஆட்களோடு வந்தான். கொடி கொண்டுவந்தான், மூங்கில்கூட வெட்டிக்கொண்டு வந்தான். நல்ல மூங்கில். "அண்ணி, கோபத்தை எல்லாம் இன்னைக்குக் காட்டாதீங்க" என்றான். நான் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன், "அவரு வேணாம்னுட்டாரு. கொண்டுபோங்க." நம்பாமல் நின்றார்கள். மூங்கிலை வாசலில் சாத்தினார்கள். அதையும் எடுக்கச் சொன்னேன்.

பெல்மதுளையில் ஒரு மல்சாலாவுக்கு, சவப்பெட்டிக் கடைக்குத்தான், போன் பண்ணினேன். பிணம் ஏற்றுகிற கறுப்பு வேன் வந்தது, வெள்ளைச் சட்டை போட்ட நாலு சிங்களப் பையன்கள். லோஜினிக்கு டிக்கட் கிடைக்கவில்லை. போனை இவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன், அழுதாள். லாபிர் நானா வாசலில் நாற்காலி போட்டு எல்லாருக்கும் கோப்பி கொடுத்தார். கொள்ளிக்கு ஆள் இல்லையே என்று நான் யோசிக்க முதலே இருளப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். இருளாயியும் தோட்டத்தில் அவளுக்குத் தெரிந்த ரெண்டு மூன்று பேரும் வந்தார்கள். கடைவீதியில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதுக்குப் பின்னால் நின்றார்கள். கால்கள் மட்டும் தெரிந்தன.

பையன்கள் பெட்டியைத் தலைப் பக்கம் முன்னால் வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். "அப்படியில்ல, கால்தான் முதல்ல போகணும்" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பினேன். இடது பக்கம் பிடித்த பையனுக்குக் கை வழுக்கியது, எங்கே பிடிக்கணும் என்று காட்டிக் கொடுத்தேன். வாசற்படியில் எப்படிச் சாய்க்கணும் என்றும் சொன்னேன். வெளியே வந்ததும் அவர்களில் ஒருவன் கேட்டான், "சங்கத்துக் கொடி ஒன்னும் இல்லயா அம்மே? உங்க ஆளுகளுக்கு எப்பவும் சங்கம் வருமே."

"இந்தா மகன், பெட்டிக்குள்ள படுத்திருக்காரே. இவருதான் சங்கம்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்தினான்.

பொம்பளை சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று ஷட்டருக்குப் பின்னாலிருந்து யாரோ சொன்னது கேட்டது. சொன்னவன் வெளியே வந்து சொல்லியிருக்கலாம். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். குழி வருகிற இடமெல்லாம் மெதுவாப் போ, மெதுவாப் போ என்று சொல்லிக்கொண்டே போனேன்.